குலுக்கு ரயிலுக்குப் பிரேக் பிடித்த அக்கா

முன்பின் தெரியாத ஒருவரின் வலது கையில் உங்கள் உயிரைக் கொடுத்துவிட்டு, நீங்கள் பாட்டுக்கு டெல்லி அப்பளம் தின்றிருக்கிறீர்களா?

இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். சீசனில் குற்றாலத்துக்கு வந்து, மெயினருவியில் மண்டை மரத்துப்போகும்வரை நின்று, ஈரத் தலையோடு ஐந்தருவி ரோட்டுத் தென்னந்தோப்புக்குள் இருந்த ரோலர் கோஸ்டரில் ஏறியவர் என்றால் கண்டிப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கை எங்கள் பிரேக் அக்காவுடையது.

ரோலர் கோஸ்டர் என்பது போர்டில் இருந்த பெயர். ஊருக்குள் அது குலுக்கு ரயில். நான் பிறப்பதற்கு முன்பே, கொல்லத்தில் பொருட்காட்சி நடத்திய யாரோ ஒருவர் தொழிலை விட்டபோது, அண்ணாச்சி லாரி வைத்து ஏற்றிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி என்றால் அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து ராட்டினம் போட்டிருந்தவர், என் அப்பாவின் கூட்டாளி. காலேஜ் லீவு முழுக்க நான் அவருடைய டிக்கெட் கவுண்டரில்தான் கிடந்தேன்.

இரும்புக் கால், மரக் கட்டை, நாலு பெட்டி. மோட்டார் சங்கிலி பெட்டிகளை உச்சிக்கு இழுத்துக்கொண்டுபோய் விடும். மோட்டாரின் வேலை அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு இறக்கம், ஒரு வளைவு, நேரே பிளாட்பாரம். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு லிவர். அதைச் சரியான நொடியில் இழுத்தால் வண்டி, ஏறின இடத்திலேயே வந்து நிற்கும். இழுக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அக்கா இழுக்காமல் இருந்ததே இல்லை.

நாற்பத்தைந்து வயது இருக்கும். செங்கோட்டைக்காரி. ஒல்லி. வலது தோள் மட்டும் இடதைவிடப் பெரிது. ஜாக்கெட் தைக்கிற டெய்லர் ரெண்டு கைக்கும் ரெண்டு அளவு எழுதி வைத்திருந்தார். வாயைத் திறந்தால் பாதி நேரம் ஒரே வார்த்தைதான் வரும்: போதும். இன்னொரு ரவுண்டு கேட்டு அழுகிற பிள்ளைக்குப் போதும். தோப்புக்காரரோடு மல்லுக்கு நிற்கிற அண்ணாச்சிக்குப் போதும். கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றுகிறவன் வாளியைச் சாய்ப்பதற்கு முன்பே போதும். செங்கோட்டைக்காரி என்பதால் மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் கேரளாவிலிருந்து வருகிறவர்களிடமும் அவள் சொல்வது ஒன்றுதான்: “மதி.” அதுவும் போதும்தான்.

ஒருமுறை தென்காசியில் என்னைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இடைவேளை விட்டதும் எழுந்து செருப்பைத் தேடினாள்.

“எங்கக்கா போற?”

“வீட்டுக்கு.”

“படம் பாதிதான முடிஞ்சிருக்கு?”

“இவன் நல்லவன், அவன் கெட்டவன், அந்தப் பிள்ளைக்கு இவன்தான் தாலி கெட்டப் போறான். போதும்லா. இதுக்கு மேல உக்காந்தா பாட்டாப் போட்டுக் கொல்லுவான்.”

நான் பாப்கார்னோடு பின்னால் ஓடினேன். அந்தப் படத்தில் வாட்ச்மேனைக் கொன்றது யார் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

எரிச்சல் வராமல் இருக்குமா? வரும். ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிவிட்டேன் என்று பிளாட்பாரத்தில் குதித்துக்கொண்டே சொன்னேன். சிரித்தாள். “செரி, போதும், பலகை ஒடஞ்சிராம” என்றாள். மனுஷி சந்தோஷத்துக்கும் பிரேக் போடுவாளா என்று மூன்று நாள் பேசாமல் இருந்தேன். நாலாவது நாள் எனக்கு ஒரு செட் வளையல் வாங்கி வைத்திருந்தாள். கை நிறையப் போட்டுப் பார்த்தேன். நாலைக் கழற்றி டப்பாவுக்குள் போட்டுவிட்டு, “இவ்ளோ போதும்” என்றாள்.

ஆனால் அண்ணாச்சிக்கு உண்மையிலேயே தலைவலி கொடுத்தது சாரல். குற்றாலத்தில் சாரல் விழுந்தால்தான் கூட்டம் வரும். சாரல் விழுந்தால் அக்கா வண்டியை நிறுத்திவிடுவாள். ஈரத் தண்டவாளத்தில் பிரேக் கட்டை வழுக்கும் என்பது அவள் கணக்கு. தூறல் நின்றதும் ஒரு பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு கடைசி இறக்கம் முழுவதையும் துடைப்பாள். அப்புறம் காலி வண்டியை ஒரு தடவை விடுவாள். அப்புறம் தான் மட்டும் ஏறி ஒரு தடவை போய் வருவாள், அந்த நேரத்துக்கு அண்ணாச்சி லிவரைப் பிடித்திருப்பார். இறக்கத்தில் ஊரே கூச்சல் போடும். அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் மாதிரி வருவாள். இதெல்லாம் முடிந்து வரிசைச் சங்கிலியைக் கழற்றப்போகும்போது அடுத்த சாரல் வந்துவிடும்.

“சாரல் வந்தாத்தான் கூட்டம் வருது. கூட்டம் வந்தா இவ வண்டிய நிப்பாட்டுதா. நான் என்ன, துண்டோட போயி அருவியில நிக்கவா?” என்று அண்ணாச்சி புலம்புவார்.

ஒரு நாள் சிவகிரியிலிருந்து குடும்பத்தோடு வந்தவர் எகிறினார். ஒட்ட வெட்டின முடி, பிரவுன் ஷூ.

“ஏம்மா, நாலு தூத்தலுக்கா நிப்பாட்டுவ? நான் யாருன்னு தெரியுமா? டிப்பார்ட்மென்ட்!”

“எனக்குத் தெரியுது சார். தண்டவாளத்துக்குத் தெரியலல்லா.”

முதலில் சிரித்தது அவர் பொண்டாட்டி.

நான் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த வருடம், தோப்புக்காரர் நிலத்தை ரிசார்ட்டுக்கு விற்றார். பங்குனி பிறப்பதற்குள் காலி பண்ண வேண்டும். ராட்டினத்தைக் கழற்றி எங்கேயும் கொண்டுபோகலாம். குலுக்கு ரயிலை இடம் மாற்றுவதற்கு இப்போதெல்லாம் கிரேன், அஸ்திவாரம், இன்ஜினியர் சர்டிபிகேட் எல்லாம் வேண்டும். அண்ணாச்சிக்கு அதற்கு வழியில்லை. பழைய இரும்பு எடுக்கிறவர் வந்து ஒவ்வொரு காலையும் தட்டித் தட்டிப் பார்த்தார். அக்கா லிவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நாள்தான் அவள் வாயிலிருந்து போதும் வராமல் இருந்தது.

அவர் போனதும் என்னைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, நீ படிச்சவதான? கம்பெனிக்காரங்க பள்ளிக்கூடத்துக்கெல்லாம் கக்கூஸ் கட்டிக் குடுக்காங்கள்ளா. இதுக்குக் குடுக்க மாட்டாங்களா?”

“கக்கூசும் ரோலர் கோஸ்டரும் ஒண்ணாக்கா?”

“ரெண்டுலயும் போயிட்டு வந்தா மனுசனுக்கு ஒரு நிம்மதிதான?”

சி.எஸ்.ஆர். நிதியைப் பற்றி இதைவிடத் தெளிவாக எனக்கு எந்த லெக்சரரும் சொன்னதில்லை.

செங்கோட்டைப் பக்கம் காற்றாலை போட்டிருக்கிற ஒரு கம்பெனி அந்த நிதி கொடுக்கிறது என்று கண்டுபிடித்தேன். தொழில் செய்கிற அண்ணாச்சிக்குக் கொடுக்க மாட்டார்கள், டிரஸ்ட்டுக்குத்தான் கொடுப்பார்கள். இலஞ்சியில் சிறுவர் பூங்கா நடத்துகிற ஒரு டிரஸ்ட்டிடம் காலி மைதானம் இருந்தது. “இரும்பு வெலைக்குப் போறதுக்குப் பிள்ளைகளுக்குப் போவட்டும்” என்று அண்ணாச்சி வண்டியை டிரஸ்ட்டுக்கு எழுதிக்கொடுக்கச் சம்மதித்தார். பாக்கி இருந்தது விண்ணப்பம் மட்டும். அதில் நான் புலி.

கவுண்டரில் லேப்டாப்பை வைத்து முதல் வரியை அடித்தேன்: தெற்காசியாவின் மிகப் பழமையான பாரம்பரிய ரோலர் கோஸ்டர். அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

“நீ தெற்காசியா பூராம் போயிப் பாத்துட்டு வந்தியா?”

“இல்லக்கா. சும்மா ஒரு கெத்துக்கு.”

“பழசுன்னு போடு. போதும்.”

“ஆண்டுதோறும் லட்சம் புன்னகைகள்னு ஒரு வரி இருக்கு, அது செமையா இருக்கும்.”

“அழுதுட்டு எறங்குற பிள்ளைகள எதுல சேத்த?”

ஆறு பக்கம் ரெண்டு பக்கம் ஆனது. அனுப்பும்போது எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார்கள். ஒரு மேடம், டை கட்டின ஒரு தம்பி. நல்ல வெயில் நாள். மேடம் ஏறினார், கத்தினார், கொண்டை அவிழ்ந்து இறங்கினார், இன்னொரு ரவுண்டு கேட்டார்.

“ரெண்டாவது தடவ மொதத் தடவ மாதிரி இருக்காது மேடம். போதும்” என்றாள் அக்கா.

மேடம் நல்லவேளையாகச் சிரித்துவிட்டார். டை தம்பி டேப்லெட்டைத் திறந்தான். உயரத்தை ஒன்றரை மடங்கு ஆக்கலாம், மூன்றாவது இறக்கம் சேர்க்கலாம், எல்.இ.டி. போடலாம், கம்பெனி பெயரில் வளைவு வைக்கலாம், அப்படிச் செய்தால் பெரிய திட்டத்தில் சேர்ந்துவிடும், நாங்கள் கேட்டதைவிடப் பல மடங்கு கிடைக்கும் என்றான். அண்ணாச்சியின் கண் விரிந்தது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

“ஒசத்துனா வேகம் கூடும்லா தம்பி. என் கை இந்த வேகத்தத்தான் நிப்பாட்டும். இந்த ஒசரம் போதும்.”

“அதுக்கென்னம்மா, ஆட்டோமேட்டிக் பிரேக் வச்சிருவோம்.”

அக்கா கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“பிரேக் வைங்க. ரெண்டு வைங்க, மூணு வைங்க, யாரு வேண்டாம்னா? ஒசரத்த மட்டும் கூட்டாதீங்க.”

உலகத்தில் அவள் போதும் என்று சொல்லாத ஒரே சாமான் பிரேக்.

கார் போனதும் அண்ணாச்சி துண்டை உதறினார். “லெச்சுமி வீட்டுக்குள்ள கால் வைக்கா. இவ போதும்னு கதவச் சாத்துதா. கோட்டிக்காரி!” நானும் அவர் கட்சிதான். பத்து நாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. இரும்புக்காரர் கேஸ் கட்டர் சிலிண்டர்களைக் கொண்டுவந்து தோப்பில் இறக்கிவிட்டார். அக்கா தினமும் வந்து, ஓடாத வண்டியின் தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுப் போனாள்.

மாசிக் கடைசியில் மெயில் வந்தது. கேட்டது அப்படியே கிடைத்தது. கூடவே ஒரு ஆட்டோமேட்டிக் பிரேக், காற்றாலை தூக்குகிற அவர்களுடைய கிரேன் ரெண்டு நாளைக்கு. முதல் பாதித் தொகை இப்போது. மறு பாதி, புது இடத்தில் வண்டி ஓடின பிறகு. நான் கத்திக் கத்தி வாசித்தேன். அண்ணாச்சி சிலிண்டர்களைப் பார்த்து, “தூக்குவே ஒம்ம சவத்த!” என்று இரும்புக்காரருக்குப் போன் போட்டார். அக்கா வேட்டியை மடித்து வைத்துவிட்டு, “செரி. கழத்தலாம்” என்றாள்.

கழற்றும் வேலைக்குப் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் ஆறு பேர் வந்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற கட்டைகள் மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றையும் எடுக்க எடுக்க வரிசையாகப் பெயிண்டில் நம்பர் போடச் சொன்னேன். நான் நோட்டில் படம் வரைந்து ஒன்றிலிருந்து நாற்பது வரை குறித்துக்கொண்டேன். முதல் கட்டையில் ஒன்று என்பதற்குப் பதிலாக ‘லாபம்’ என்று எழுதியிருந்தார்கள். மார்க்கெட்டில் யாரும் ஒன்று என்று எண்ண மாட்டார்கள், லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். இது எனக்குத் தெரியும் என்கிற பெருமையில், மேற்கொண்டு பார்க்காமல் பரோட்டா சாப்பிடப் போய்விட்டேன்.

இலஞ்சியில் திரும்ப மாட்டும்போது எட்டாம் கட்டையைக் காணோம். லாரியில் வரும்போது எங்கேயோ விழுந்திருக்கும் என்று, மாட்ட வந்த ஃபிட்டரும் நானும் முடிவு செய்து, புதிதாக ஒரு கட்டை அறுத்து எட்டில் வைத்தோம். எல்லாம் மாட்டி முடித்தபோது ஒன்று மிஞ்சியது. ஸ்பேர் என்று ஓரமாகப் போட்டோம். இருந்த அவசரம் அப்படி. ஆனி பிறந்து சீசன் ஆரம்பித்திருந்தது. திறப்பு விழாவுக்குக் கம்பெனியின் பெரிய ஐயாவே வருவதாக இருந்தது. வண்டி ஓடுகிற போட்டோ போனால்தான் மறு பாதி வரும். அது வந்தால்தான் கம்பிக்கும் சிமெண்டுக்கும் பதில் சொல்ல முடியும்.

விழா அன்று காலை ஏழு மணிக்கு அக்கா வழக்கம்போலத் தனியாக ஏறி ஒரு ரவுண்டு போய் வந்தாள். இறங்கினாள்.

“தட்டுது.”

“என்னக்கா தட்டுது?”

“வளைவுல. டக்குன்னு ஒரு தட்டு. தோப்புல இருந்தப்ப கெடையாது.”

“புதுசா மாட்டுனா அப்படித்தான் இருக்கும். ஓட ஓடச் செரியாயிரும்” என்றார் ஃபிட்டர்.

“செரியாவட்டும். பொறவு ஆள ஏத்துவோம்.”

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “பத்து மணிக்கு ஐயா வந்துருவாங்கக்கா! எல்லாத்தையும் நிப்பாட்டிட்டே இருந்தா எதுதான் ஓடும்?” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். டிரஸ்ட் ஆட்கள் நாற்காலி போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அக்கா வரிசைச் சங்கிலியை எடுத்துப் பிளாட்பாரத்துக்குக் குறுக்கே மாட்டினாள். வளைவு வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். திரும்பி வந்து, ஓரத்தில் கிடந்த கட்டைமேல் உட்கார்ந்தாள். அதைத் தடவினாள்.

“இது என்னதுட்டி?”

“ஸ்பேர்.”

“நம்மகிட்ட எப்பட்டி ஸ்பேர் இருந்திச்சு?”

அப்போதுதான் அதில் எழுதியிருந்ததை வாசித்தேன். நாற்பத்தொன்று.

பாவூர்சத்திரத்தில் நம்பர் எழுதினவருக்குப் போன் போட்டேன். பின்னால் தக்காளி ஏலம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணே, எட்டாம் நம்பர் கட்ட எங்க?”

“எட்டா? எட்டு எழுதுனா வெளங்குமா தாயி? பிள்ளைக ஏறுற வண்டி. ஏழுக்கு அடுத்து ஒம்பது போட்டுட்டோம். நல்லதுக்குத்தான செஞ்சோம்? ஏன், ஓடுதுல்லா?”

அதாவது எட்டாம் இடத்திலிருந்து கடைசி வரை ஒவ்வொரு கட்டையும் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்திருந்தது. நேர்ப்பாதையில் ஒன்றும் தெரியாது. வளைவில் ஒவ்வொரு கட்டைக்கும் அதற்கென்று செதுக்கின சாய்வு உண்டு. அங்கேதான் அந்தத் தட்டு. ஃபிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

கார்கள் வந்துவிட்டன. மேடத்திடம் நான் இங்கிலீஷில் ஆரம்பித்து நடுவழியில் மாட்டிக்கொண்டேன். அக்கா முன்னால் வந்தாள்.

“மேடம், இன்னைக்கு ஓடாது. கட்டைய மாத்தணும். நாலு நாளு.”

“ஐயா வந்துட்டாங்கம்மா,” டை தம்பி கிட்டத்தட்டக் கெஞ்சினான், “ஒரே ஒரு ரவுண்டு, வளைவுல மட்டும் மெதுவா…”

“வளைவுல பைய போவ அதுக்கு ஸ்டியரிங்கா இருக்கு தம்பி?”

இதற்குள் பெரிய ஐயா ரிப்பனை வெட்டி, முதல் பெட்டியில் ஏறி, கம்பியைப் பிடித்து, புறப்படுவதற்குத் தயாராக உட்கார்ந்துவிட்டார். கனத்த மனிதர். சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. அக்கா போனாள்.

“ஐயா, இன்னைக்கு உக்கார மட்டுந்தான்.”

அவர் அவளைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். மேடம் குனிந்து எட்டு விவகாரத்தைக் காதில் சொன்னார். நான் மறு பாதித் தொகைக்கு மனதுக்குள் பாலூற்றிக்கொண்டிருந்தேன். பெட்டி குலுங்க ஆரம்பித்தது. ஐயா சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, என் காருக்கே எட்டு வேண்டாம்னு அலைஞ்சுல்ல நம்பர் வாங்குனேன். அவங்களைப் போயி என்னன்னு திட்டுறது? நாலு நாள்தானே? மாட்டுங்க.”

போட்டோ எடுத்தார்கள். நிற்கிற வண்டியில் ஒன்பது பேர் கையைத் தூக்கி, வாயைப் பிளந்து, காற்றில் பறக்கிற மாதிரி. ஓரத்தில் அக்கா ரெண்டு கையாலும் லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“நிக்கிற வண்டிக்கு எதுக்குக்கா பிரேக்கு?”

“ஒம்பது பேரு ஏறி ஆடுதாங்க. நவுந்துட்டா?”

ஐந்தாம் நாள் தட்டு இல்லை. ஓடுகிற போட்டோ போனது, மறு பாதி வந்தது. புதிதாக அறுத்த கட்டை உண்மையான ஸ்பேர் ஆனது. அதில் எட்டு என்று எழுதட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். “எழுது. சும்மாத்தான கெடக்கப் போவுது” என்றாள். விழா அன்று நான் கத்தினதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றைக்கு என் பங்கு வடையையும் அவளே எடுத்துப் பாதி தின்றுவிட்டு, மீதியை என் கையில் வைத்தாள்.

இலஞ்சியில் ரெண்டு சீசன் பிரேக் பிடித்தாள். மூன்றாவது சீசனின் நடுவில், நல்ல கூட்டமான ஒரு மத்தியானம், வண்டியை நிறுத்தி, ஆட்களை இறக்கி, லிவரை அண்ணாச்சி கையில் கொடுத்து, “போதும் அண்ணாச்சி” என்றாள். புனலூரில் மகள் வீடு. சீசன் முடியட்டுமே என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இடைவேளையில் எழுந்தவளை யாரால் உட்காரவைக்க முடியும்?

செங்கோட்டை ஸ்டேஷனுக்கு நான் போயிருந்தேன். ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீட்டிலிருந்து யோசித்து வைத்திருந்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். மூக்கு ஒழுகியது. கூடவே நடந்தேன். அக்கா கம்பியிலிருந்து என் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

“மதி, மதி. பிளாட்பாரம் முடியப் போவுது. போட்டீ.”

இப்போது லிவர் இலஞ்சிக்காரப் பிள்ளை ஒருத்தியிடம் இருக்கிறது. நான் வரிசையில் பன்னிரண்டாவது ஆள். சாரல் விழுகிறது. அந்தப் பிள்ளை வண்டியை நிறுத்திவிட்டாள்.